பூட்டீக் பேஸ் வாங்கலாமா, இருப்பதை மாற்றலாமா? பிரிசிஷன், ஜாஸ் பேஸ்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது, ஜாஸ் பேஸ் 1960இல். இன்று கடைகளில் தொங்கும் பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் வாரிசுதான். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் போட்டுவைத்த அளவுகள் அப்படியே நடைமுறையில் இருக்கின்றன: 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 20 ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்), ஸ்க்ரூ போட்டு மாட்டும் மேப்பிள் கழுத்து. இந்த நிலைத்தன்மையால்தான் ஒரு கம்பெனியின் பிரிட்ஜை (உடம்பின்மேல் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம்) இன்னொரு கம்பெனியின் பேஸில் மாட்ட முடிகிறது. பூட்டீக், அதாவது சிறு பட்டறைகளில் பார்த்துப் பார்த்துப் பேஸ் செய்யும் தொழிலும் இதன்மேல்தான் நிற்கிறது.

1965இல் ஃபெண்டர் நிறுவனத்தை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். வாங்கியது. 70களில் உற்பத்தி பெருகப் பெருகத் தரம் பேஸுக்குப் பேஸ் மாறியது. ஒரு பேஸ் அருமையாக இருக்கும். பக்கத்தில் தொங்கும் அதே மாடலின் கழுத்து, அது உட்காரும் குழியான பாக்கெட்டில் ஆடும். ஸ்டூடியோ கலைஞர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க்காரர்களிடம் போனார்கள். நியூயார்க்கில் 1979இல் கடை போட்ட ரோஜர் சாடோவ்ஸ்கி அப்படி வளர்ந்தவர். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸில் அவர் ப்ரீஆம்ப் (தொனியை ஏற்றும் பேட்டரிச் சர்க்யூட்) பொருத்திக் கொடுத்தார். அந்தப் பேஸில் பாடாஸ் என்ற கனமான பிரிட்ஜும் உண்டு. கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் அந்தப் பளீர் ஸ்லாப் சத்தத்தைக் கேட்டவர்கள் "எனக்கும் இதே மாதிரி" என்று வரிசையில் நின்றார்கள். பழைய பேஸைத் திருத்திக் கொடுப்பதைவிட ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக ஒன்றைச் செய்து கொடுக்கலாமே என்ற யோசனையில் பிறந்தவைதான் இன்றைய பூட்டீக் பேஸ்கள்.

சிகாகோவின் லேக்லேண்ட், வாஷிங்டன் மாநிலத்தின் மைக் லல், அலேவா கொப்போலோ, டென்மார்க்கின் செலிண்டர், ஜெர்மனியின் சாண்ட்பெர்க், ஜப்பானின் அட்டெலியர் ஸீ, கொரியாவின் மூலோன் என்று பட்டியல் நீளும். சிலர் 60களின் பேஸை அச்சுப் பிசகாமல் நகலெடுப்பார்கள். சிலர் வடிவத்தை வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றுவார்கள். கனடாவின் டிங்வால் ஜாஸ் பேஸ் உருவத்திலேயே விசிறி மாதிரி விரியும் ஃபிரெட்களைப் போட்டு 'சூப்பர் ஜே' என்று ஒன்றைச் செய்தது.

இவர்கள் வாங்கும் பணம் எங்கே போகிறது? மரம், பெயின்ட், பெயர் எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் கையில் எடுத்து வாசித்தவுடன் "ஆகா" என்று தோன்றுகிறதே, அதில் பெரும்பங்கு ஃபிரெட் வேலை, நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் குழிகளுள்ள சிறு துண்டு) வெட்டு, செட்டப் ஆகிய மூன்றுக்கும்தான். பளபளக்கும் பிரிட்ஜ் அந்தக் கணக்கில் கடைசியில் வரும். ஆனால் பேஸை மாற்ற நினைக்கும் பலரும் முதலில் வாங்குவது அந்தப் பிரிட்ஜைத்தான். கீழே நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் தலைகீழ்.

படி 1: அளந்து எழுதுங்கள்

எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு டிஜிட்டல் காலிப்பர் வாங்குங்கள். தவறான பாகத்தை வாங்கித் திருப்பி அனுப்பும் கூரியர் செலவைவிட அது மலிவு.

முதலில் நட் அகலம். பொதுவாக ஜாஸ் பேஸில் 1.5 அங்குலம், அதாவது 38 மி.மீ.; பிரிசிஷனில் 1.625 அங்குலம், கிட்டத்தட்ட 41 மி.மீ. பழைய பிரிசிஷன்களில் 1.75 அங்குலமும் உண்டு. அடுத்து பிரிட்ஜைப் பாருங்கள். ஃபெண்டர் பாணி என்றால் ஒரே வரிசையில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி சுமார் 19 மி.மீ. ஐந்து ஸ்க்ரூ இல்லாவிட்டால் சந்தையில் உள்ள பாதி பிரிட்ஜ்கள் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது.

ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்கள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) இரண்டையும் தனித்தனியாக அளக்கவேண்டும். மரபுப்படி கழுத்துப் பக்கப் பிக்கப் கொஞ்சம் குட்டை, பிரிட்ஜ் பக்கம் இருப்பது இரண்டு மூன்று மி.மீ. நீளம். ஆனால் சில ஆசியத் தயாரிப்புகளில் இரண்டும் ஒரே நீளம். இதைப் பார்க்காமல் ஜோடி பிக்கப் வாங்கினால் ஒன்று குழியில் ஆடும், அல்லது மரத்தைச் செதுக்கவேண்டி வரும்.

அப்புறம் பாட், அதாவது வால்யூம், டோன் நாப்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர். வால்யூம் பாட்டின் கழுத்து நுழையும் துளையை அளந்து பாருங்கள். அமெரிக்க சி.டி.எஸ். கம்பெனியின் பாட்டுக்கு 3/8 அங்குலம், சுமார் 9.5 மி.மீ. வேண்டும். விலை குறைந்த பேஸ்களில் சின்ன பாட் இருக்கும், துளையும் சிறிது. அதை ரீமரால் மெல்லப் பெரிதாக்கலாம். டிரில் போட்டால் பிளேட் வளையும், பெயின்ட் உதிரும். நாப் வாங்கும்போதும் கவனம்: 6 மி.மீ. தண்டுக்குச் செய்த நாப், 6.35 மி.மீ. தண்டில் ஏறவே ஏறாது.

படி 2: கம்பியும் செட்டப்பும்

சத்தத்தை மிகக் குறைந்த செலவில் அதிகம் மாற்றுவது கம்பி. மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் ஒன்றில் லா பெல்லா ஃபிளாட்வவுண்ட் (தட்டைப் பட்டை சுற்றிய, வழவழப்பான) கம்பி போட்டிருந்தார். அறுந்தால் தவிர மாற்றமாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஃபோம் வேறு. ப்ரீஆம்பும் இல்லை, கனமான பிரிட்ஜும் இல்லை. அந்தச் சத்தம் வேண்டும் என்பவர்கள் ஃபிளாட்வவுண்ட் ஒரு செட்டும் சமையலறை ஸ்பாஞ்சில் ஒரு துண்டும் வைத்துச் சோதித்துவிட்டு மற்றதைப் பற்றி யோசிக்கலாம். தடித்த ஃபிளாட்வவுண்ட் போடும்போது நட் குழியில் கம்பி உட்காராமல் மேலே நிற்கக்கூடும், இழுவிசையும் கூடும். அதனால் கம்பி மாற்றிய பிறகுதான் செட்டப், முன்பு அல்ல.

செட்டப் செய்யும் வரிசை: கழுத்து வளைவு, கம்பி உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சேரச் செய்வது), பிக்கப் உயரம். ஒன்றை மாற்றினால் அடுத்தது நகரும் என்பதால் இதைக் குலைக்காதீர்கள்.

முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃபிரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். எட்டாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். பழைய 7.25 அங்குல ரேடியஸ் (விரல்பலகையின் குறுக்கு வளைவு) கழுத்துக்கு 0.35 மி.மீ., 9.5 முதல் 12 அங்குலம் வரை என்றால் 0.3 மி.மீ. நல்ல தொடக்கம். கழுத்துக்குள் இருக்கும் எஃகுக் கம்பியான ட்ரஸ் ராடை வலப்பக்கம் திருப்பினால் கழுத்து நிமிரும், இடைவெளி குறையும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டு கம்பியைச் சுருதி கூட்டி மறுபடி அளங்கள். பழைய பாணிப் பேஸ்களில் ட்ரஸ் ராடைத் திருப்பும் முனை உடம்புப் பக்கம் ஒளிந்திருக்கும். கம்பியைத் தளர்த்திக் கழுத்தைக் கழற்றித்தான் திருப்பவேண்டும். 60களை அப்படியே நகலெடுக்கும் பூட்டீக் பேஸ்களும் சில சமயம் இந்தத் தொல்லையையும் சேர்த்தே நகலெடுக்கின்றன. ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கம்பி உயரத்தை 17ஆவது ஃபிரெட்டில் அளப்பது வழக்கம்: ஈ கம்பிக்கு சுமார் 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. மென்மையாக வாசிப்பவர்கள் இன்னும் இறக்கலாம். இன்டொனேஷனுக்கு 12ஆவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது உச்சமாக இருந்தால், பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் சாடிலைப் பின்னுக்கு இழுக்கவேண்டும்.

சென்னை மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் கழுத்து ஒரு மாதிரி இருக்கும், ஏ.சி. அறையில் வைத்துவிட்டால் வேறு மாதிரி. அதனால் செட்டப்பை நீங்களே கற்றுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு தடவையும் கடைக்காரரிடம் ஓடிக்கொண்டிருக்க முடியாது.

படி 3: ஃபிரெட், நட்

இங்கேதான் பூட்டீக் பேஸுக்கும் சாதாப் பேஸுக்கும் உள்ள உண்மையான தூரம். சாடோவ்ஸ்கி போன்றவர்கள் ஃபிரெட்களை ப்ளெக் என்ற கணினி இயந்திரத்தில் அளந்து சமன் செய்கிறார்கள். நல்ல லூதியர் (கிட்டார் செய்பவர், பழுதுபார்ப்பவர்) ஒருவர் கையாலேயே கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

சோதனை எளிது. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக நிதானமாக வாசித்துக்கொண்டே போங்கள். ஒரே ஓரிடத்தில் மட்டும் உரசல் வந்தால், அதற்கு அடுத்த ஃபிரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஃபிரெட் ராக்கர் என்ற சின்ன எஃகுத் தகடை மூன்று ஃபிரெட்களின்மேல் வைத்தால் நடுவில் இருப்பது உயரமா என்று டக் டக்கென ஆடிக் காட்டிக்கொடுக்கும். கழுத்து ஓரமாக உள்ளங்கையை ஓட்டுங்கள். ஃபிரெட் முனை கீறினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

நட்டுக்கு: கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திவிட்டு முதல் ஃபிரெட்டின் மேல் பாருங்கள். மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். அதைவிட அதிகம் என்றால் நட் உயரம். முதல் இரண்டு ஃபிரெட்களில் சுருதி ஏறிக் கேட்பதற்கும் விரல் வலிப்பதற்கும் அதுவே காரணம். எலும்பு நட் ஒன்றை நன்றாக வெட்டிப் பொருத்துவது பிரிட்ஜ் மாற்றுவதைவிட மலிவு, பலன் பல மடங்கு. ஆனால் இதை லூதியரிடம் கொடுத்துவிடுங்கள். குழியைக் கொஞ்சம் அதிகம் ராவிவிட்டால் திரும்ப நிரப்புவது எளிதல்ல.

படி 4: வயரிங்கும் ஷீல்டிங்கும்

மலிவுப் பேஸ்களில் முதலில் கெடுவது பாட்டும் ஜாக்கும். 250 கிலோ ஓம் ஆடியோ டேப்பர் பாட்கள், நல்ல ஸ்விட்ச்கிராஃப்ட் ஜாக் ஒன்று, டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அவ்வளவுதான் தேவை. கெப்பாசிட்டரின் பிராண்டு, வயது, மெழுகு பற்றியெல்லாம் புராணம் படிப்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். அதன் மதிப்பு சரியாக இருந்தால் போதும். சென்னைக்காரர்களுக்கு கெப்பாசிட்டரும் சால்டரும் ரிச்சி தெருவில் கிடைத்துவிடும்.

பாட்டின் முதுகில் கிரவுண்ட் வயரைப் பற்றவைக்கும்போதுதான் பலர் தடுமாறுவார்கள். 25 வாட் இரும்பு அதைச் சூடாக்குவதற்குள் பாட்டின் உள்ளே கரி வளையம் கருகிவிடும். 40 முதல் 60 வாட், தட்டையான முனை. பாட்டின் முதுகை மணல்தாளால் லேசாகச் சுரண்டுங்கள், முதலில் அங்கே கொஞ்சம் ஈயத்தைப் படரவிடுங்கள், அப்புறம் வயரை வைத்து இரண்டு மூன்று நொடி. ஈயம் பளபளவென்று வழிந்து பரவியிருந்தால் சரி. உருண்டையாக, மங்கலாக நின்றால் அது ஒட்டவே இல்லை.

ஷீல்டிங்குக்கு, அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உறைக்கு, பசையும் மின்சாரம் கடத்தும் தாமிர ஃபாயில் வாங்குங்கள். குழியின் அடியிலும் சுவரிலும் ஒட்டி, ஓரத்தை மேலே மடித்து, முன்பக்கப் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டின் பின்னால் உள்ள ஃபாயிலோடு தொடும்படி விடுங்கள். மல்டிமீட்டரால் எல்லாத் துண்டும் கிரவுண்டோடு இணைகிறதா என்று பாருங்கள். ஜாக்கின் முனை ஃபாயிலில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரசினால் சத்தமே வராது.

ஷீல்டிங்கால் எல்லா இரைச்சலும் போகும் என்று விற்பனைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். டிம்மர், ட்யூப் லைட் ஆகியவற்றின் சலசலப்பை அது நன்றாகக் குறைக்கும். ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் வரும் ம்ம்ம் என்ற ஹம்மை அது தொடாது, ஏனென்றால் அது காந்தப்புலம் வழியாக வருவது. இரண்டு வால்யூமும் முழுதாக இருந்தால் இரண்டு பிக்கப்பும் ஒன்றை ஒன்று ரத்து செய்து ஹம் அடங்கும். 1957 முதல் பிரிசிஷனில் உள்ள இரட்டைத் துண்டுப் பிக்கப் இதே காரணத்தால்தான் எப்போதும் அமைதியாக இருக்கிறது.

இங்கேயே ஒரு மலிவான மாற்றம்: ஜாஸ் பேஸின் ஒரு வால்யூமுக்கு புஷ்-புல் பாட் போட்டு, மேலே இழுத்தால் பிக்கப் இரண்டும் சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, போகும்படி செய்யலாம். சத்தம் தடிக்கும், நடுப்பகுதி முன்னால் வரும், பிரிசிஷன் பக்கம் சாயும். ஒரு பாட் விலையில் இன்னொரு பேஸ் கிடைத்தமாதிரி.

படி 5: பிக்கப்

மேலே சொன்னது எல்லாம் செய்தபிறகும் சத்தத்தில் குறை தெரிந்தால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். எதைக் குறை என்கிறீர்கள் என்று உங்களுக்கே தெளிவாக இருக்கவேண்டும்.

பிரிசிஷனில் பழைய மணம் வேண்டும் என்றால் சீமோர் டங்கன் எஸ்.பி.பி.-1 அல்லது லிண்டி ஃப்ராலின். ராக் குழுவில் இரண்டு கிட்டாருக்கு நடுவே முட்டி நிற்கவேண்டும் என்றால் அதே டங்கனின் குவார்ட்டர் பவுண்ட். ஜாஸ் பேஸில் ஹம் ஒழியவேண்டும் என்றால் டிமார்சியோவின் மாடல் ஜே, நார்ட்ஸ்ட்ராண்டின் பிளவுச் சுருள் வகை போன்றவை. அவை மூலச் சத்தத்துக்கு மிக அருகில் வரும், ஆனால் சிங்கிள் காயிலின் அந்த விரிந்த மேல்பகுதி கொஞ்சம் அடங்கும். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. மேடையில் ஹம்மோடு நிற்பதுதான் இழப்பு.

70களின் ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பிக்கப் சற்றே பிரிட்ஜை நோக்கி நகர்ந்திருக்கும். மார்கஸ் மில்லர் பாணிச் சத்தத்தில் அந்த இடமாற்றத்துக்கும் பங்கு உண்டு. 60களின் அமைப்புள்ள பேஸில் எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் அந்தச் சத்தத்தின் ஒரு பகுதி வராது. அதற்காக உடம்பில் புதுக் குழி வெட்டாதீர்கள்; அப்படி ஆசை இருந்தால் 70களின் அமைப்பில் வரும் பேஸையே வாங்குங்கள்.

வேறு வேறு கம்பெனிப் பிக்கப் இரண்டைச் சேர்க்கும்போது இரண்டையும் திறந்தால் சத்தம் மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் ஆனால், ஃபேஸ் எதிராக இருக்கிறது. ஒன்றின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். உயரத்துக்கு: கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, ஈ பக்கம் சுமார் 2.8 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று தொடங்குங்கள். மிக அருகில் வைத்தால் காந்தம் கம்பியை இழுத்து ஸ்வரம் நடுங்கும்.

படி 6: ப்ரீஆம்ப் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஆம்பிலும் பெடலிலும் ஈக்யூ (தொனியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருக்கிறது. மேடையில் வாசித்துக்கொண்டே கையருகில் மாற்றவேண்டிய தேவை உண்டு என்றால் மட்டும் யோசியுங்கள். சாடோவ்ஸ்கி ப்ரீஆம்பில் 40 ஹெர்ட்ஸ் பேஸ் (அடி ஒலி), 4 கிலோ ஹெர்ட்ஸ் ட்ரெபிள் (மேல் ஒலி) என்று இரண்டு மட்டுமே, அதுவும் ஏற்ற மட்டும்தான் முடியும், குறைக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடே அதன் அழகு. கெடுத்துக்கொள்ள வாய்ப்புக் குறைவு. அகிலாரின் ஓ.பி.பி.-3இல் நடுப்பகுதியும் உண்டு, 9 வோல்ட்டிலும் 18 வோல்ட்டிலும் ஓடும். எதைப் போட்டாலும் பேட்டரி செத்தால் பாஸிவாக, அதாவது ப்ரீஆம்ப் இல்லாமல், வாசிக்க ஒரு பைபாஸ் ஸ்விட்ச் வையுங்கள். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ஜாக்தான் பேட்டரியின் ஸ்விட்ச்.

படி 7: பிரிட்ஜ்

வளைத்த தகடால் ஆன பழைய ஃபெண்டர் பிரிட்ஜைப் பலர் கேலி செய்வார்கள். ஆனால் பதிவான மகத்தான பேஸ் சத்தங்களில் ஏராளமானவை அந்தத் தகட்டிலிருந்து வந்தவைதான். கனமான பிரிட்ஜ் ஸ்வரத்தின் தொடக்கத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கும். சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. அதை வாங்க நியாயமான காரணம் வேறு: சாடில் ஸ்க்ரூக்கள் நகராமல் நிற்கும், கம்பி பக்கவாட்டில் சறுக்காது. பழைய பிரிட்ஜிலேயே ஸ்க்ரூ அதிர்ந்து இறங்கினால் ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தால் தீர்ந்தது.

மாற்றுவதாகவே முடிவு என்றால் கோட்டோ 201, ஹிப்ஷாட்டின் கிக்ஆஸ் இரண்டும் ஐந்து ஸ்க்ரூ துளையில் நேராக உட்காரும். அடித்தகடு தடிமன் என்பதால் சாடிலை முழுதாக இறக்கியும் கம்பி உயரமாகவே நிற்கலாம். அப்போது கழுத்துப் பாக்கெட்டில் ஷிம் என்ற மெல்லிய துண்டை வைக்கவேண்டும். பழைய பாடாஸ் கிடைத்தால் அதன் சாடிலில் குழி இருக்காது, நீங்களே ராவவேண்டும். பிரிட்ஜின் கீழே வரும் கிரவுண்ட் வயர் தகட்டைத் தொடுகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால் மரப்பசையில் தோய்த்த தீக்குச்சித் துண்டுகளை அடைத்து, காய்ந்ததும் முறுக்குங்கள்.

படி 8: ட்யூனர்

பெல்ட்டில் தொங்கவிட்டுக் கையை எடுத்தால் தலை கீழே சாய்கிறதா? ஹிப்ஷாட் அல்ட்ராலைட், கோட்டோ ரெஸ்-ஓ-லைட் போன்ற எடை குறைந்த ட்யூனர்கள் இதைக் கண்கூடாகக் குறைக்கும். என் கணக்கில் கொடுத்த காசுக்குப் பலன் தரும் ஒரே ஹார்டுவேர் மாற்றம் இதுதான். தலையில் உள்ள துளையின் விட்டத்தை அளந்துவிட்டே ஆர்டர் செய்யுங்கள். ஈ கம்பியை லீவரால் டி-க்கு இறக்கும் ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர், சபையில் டி சுருதியில் அடிக்கடி வாசிப்பவர்களுக்கு வரப்பிரசாதம்.

பழைய பாணித் தூணில் கம்பி சுற்றும்போது தூணுக்கு அப்பால் 4 முதல் 5 அங்குலம் விட்டு வெட்டி, முனையை நடுத் துளைக்குள் இறக்கி, கீழ்நோக்கி இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பாதி சுருதிப் பிரச்சினை இங்கேதான் தீரும்.

அப்படியானால் பூட்டீக் எப்போது?

மேலே உள்ளவற்றில் முதல் நான்கு படிக்கு ஆகும் செலவு, நல்ல பூட்டீக் பேஸ் ஒன்றின் விலையில் சின்னப் பங்குதான். அமெரிக்காவில் கையால் செய்த ஒன்று மூவாயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும், நம் ஊருக்கு வரவழைத்தால் சுங்கமும் கூரியரும் தனி. ஆனால் எடை, கழுத்தின் பிடி, கழுத்தின் உறுதி ஆகிய மூன்றும் பாகம் மாற்றிச் சரியாகாதவை. ஐந்து கிலோ கனக்கும் உடம்பை நீங்கள் இளைக்க வைக்க முடியாது. சாடோவ்ஸ்கி உடம்பைக் குடைந்து எடையைக் குறைக்கிறார். பலர் கழுத்துக்குள் கிராஃபைட் கம்பி பதிக்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்று உங்களை உறுத்துகிறது என்றால் பாகங்களுக்குப் பணம் கொட்டுவதை நிறுத்திவிட்டுச் சேமிக்கத் தொடங்குங்கள். இடையில் ஒரு படியும் உண்டு: லேக்லேண்டின் ஸ்கைலைன் வரிசை, சாடோவ்ஸ்கியின் மெட்ரோ வரிசை, மார்கஸ் மில்லர் பெயரில் வரும் சயர். இவற்றில் வேலைப்பாடு பல சமயம் விலையை மீறி நிற்கும்.

வாங்கப் போகும்போது ஆம்பில் செருகுவதற்கு முன் சும்மா மடியில் வைத்து வாசியுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே சீராக ஒலிக்கிறதா, ஜி கம்பியின் 5 முதல் 7ஆவது ஃபிரெட் வரை எங்காவது ஸ்வரம் பட்டென்று செத்துவிழுகிறதா என்று பாருங்கள். ஃபெண்டர் பாணிக் கழுத்துகளில் இந்தச் செத்த இடம் சாதாரணம். விலை உயர்ந்தவையும் இதற்கு விதிவிலக்கல்ல. பெல்ட்டை மாட்டி நின்று பாருங்கள். அப்புறம் ட்ரஸ் ராடுக்கு இன்னும் திருப்ப இடம் இருக்கிறதா என்று கடைக்காரரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மாற்றியபின் கழற்றிய பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள். பேஸை விற்கும்போது நீங்கள் போட்ட பாகங்களுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். மூலப் பாகங்களைத் திரும்ப மாட்டி, நல்லவற்றைத் தனியாக விற்பதோ அடுத்த பேஸில் போடுவதோதான் லாபம். ஸ்க்ரூக்களையும் சேர்த்து ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு, எந்தப் பேஸ், எந்த இடம் என்று மேலே எழுதி வையுங்கள்.